நாலு சாண் நிழல்

"அசையாதே."

"எவ்வளவு நேரம்?"

"அது முகம் கழுவி முடிக்கிற வரைக்கும்."

"பூச்சி முகம் கழுவுறதுக்கு நான் வெயில்ல காயணுமா? அங்க கலவை இறுகிட்டிருக்கு. மாமா தூங்கி எழுந்து வந்தார்னா கரண்டியாலயே சாத்துவார்."

"தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய். உன் காது நிழல் அது மேல விழல."

"என் காதைக் குறை சொன்ன முதல் பொண்ணு நீதான்."

"குறை சொல்லல. இன்னும் பெருசா இருந்திருக்கலாம்னுதான் சொல்றேன்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததில் தோள் குலுங்கியது. தரையில் கிடந்த நிழலும் குலுங்கியது. மண்குளவி எழுந்து பறந்துபோனது.

"போச்சு," என்றேன்.

"வரும். நல்ல சேறு வேற எங்க கிடைக்கும் அதுக்கு? ஊர்லயே என் குழாய்தான் ஒழுகுது."

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், குழாய்த் தண்ணீரில் நனைந்த மண்ணின் ஓரத்தில், நான் குப்புறப் படுத்திருந்தேன். மருந்துக் கடையில் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கியை மடித்து முழங்கைக்கு அடியில் வைத்திருந்தேன். கேமரா லென்ஸ் மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. பன்னிரண்டரை மணி வெயிலில் எதைப் படம் பிடித்தாலும் வெளுத்துப்போகும். குளவியின் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும். அதனால் எனக்கு நிழல் வேண்டும். குடையை விரித்தால் பூச்சி ஓடிவிடும். ஆள் மெல்ல வந்து நின்றால் ஓடாது. மேகம் வந்தது என்று நினைத்துக்கொள்ளும் போல.

அந்த மேகத்தின் பெயர் யாசென். கொத்தனார். ஏழு வருஷமாக ஜெர்மனியில் வேலை. ஐந்து வார விடுமுறைக்கு வந்தவனை அவனுடைய தாய்மாமா தேச்கோ மேஸ்திரி சும்மா இருக்க விடவில்லை. "ராக்கியா குடிச்சுத் தொப்பை வளர்க்கவா வந்த? வந்து கல்லைத் தூக்கு" என்று இழுத்து வந்துவிட்டார். குளிர்காலத்தில் பனியில் வழுக்கிய லாரி ஒன்று நிறுத்தத்தின் பழைய சுவரைச் சாய்த்துவிட்டிருந்தது. மாமாவும் மருமகனும் அங்கே புதிதாகக் கல்சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் கொத்தனார்களின் ஊர். மலையடிவாரத்தில் எந்தப் பாலத்தைத் தட்டினாலும் எங்கள் ஊர் ஆள் ஒருவனின் பெயர் உதிரும். பேருந்து நிறுத்தத்தைக்கூடக் கோட்டை மாதிரிதான் கட்டுவார்கள்.

மருந்துக் கடை சாலைக்கு எதிர்ப்பக்கம். மத்தியானம் எனக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. மேஸ்திரியும் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுவார். யாசென் போகமாட்டான். தக்காளியையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் கல்மேல் வைத்து அரிந்து தின்றுவிட்டு எனக்காக எழுந்து நிற்பான்.

ஜூலையில் இலியா திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை அவன் கிளம்ப வேண்டும். கம்பெனிக்காரர்கள் நிரந்தர வேலைக்கான தாளைத் தயாராக வைத்திருந்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். முதலில் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். பிறகு யாராவது செத்தால் வருவார்கள். எங்கள் தெருவிலேயே நான்கு வீடுகளில் ஜன்னல் பலகைகள் திறப்பதில்லை. யாசென் போகக் கூடாது. ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து நான் விரும்பியது அது ஒன்றைத்தான். ஆனால் நான் அவனிடம் வாய்விட்டுக் கேட்டதெல்லாம் 'கொஞ்சம் தள்ளி நில்லு', 'அசையாதே', 'இன்னும் ரெண்டு நிமிஷம்' என்பவைதான்.

நான்கு வருஷமாக இப்படித் தரையில் கிடக்கிறேன். முதல் வருஷம் பேருந்துக்கு நிற்கிற ஒவ்வொருவரும் குனிந்து கேட்டார்கள்: "என்னம்மா தொலைச்ச? தோடா?" ஆமாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களும் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது பழகிவிட்டது. "தெனித்ஸா தோடு தேடுறா, காலைப் பார்த்து வை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சுற்றிப் போகிறார்கள்.

எறும்பைவிட எறும்பின் நிழல்தான் எனக்குப் பிடிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு நடைபாதைக் கல்லில் ஓர் எறும்பு தன்னைப்போல் பத்து மடங்கு நீளமுள்ள ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். எறும்புக்கு அது தெரியாது. நின்றால் நிற்கிறது, ஓடினால் ஓடுகிறது, கால் மட்டும் ஒட்டியிருக்கிறது. இப்படி ஒன்று தன்னோடு கூடவே வருவதை அறியாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நான் பாதிப் படங்களைத் தவறவிட்டிருக்கிறேன்.

யாசெனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பைத்தியம் ஒட்டியது. லிண்டன் மரத்தடியில் சிவப்பும் கறுப்புமாக நெருப்புப் பூச்சிகள் மொய்க்கும். வாலோடு வால் ஒட்டி, ஒன்று முன்னால் போக இன்னொன்று பின்னால் இழுபட, நாள் கணக்கில் திரியும்.

"மூணு நாளா பாக்குறேன். இதுங்க ரெண்டுக்கும் என்ன சண்டை?"

"சண்டை இல்ல."

"பின்ன?"

நான் கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ஓ," என்றான். சற்றுப் பொறுத்து, "அப்படியும் வேற வேற திசைக்குத்தான் போகணும்னு நிக்குதுங்க பாரு," என்றான்.

அந்த வாரம்தான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். தன் காலடியில் கிடந்த நிழலைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குள்ள எத்தனை பேர் குடியிருப்பாங்க?" என்றான்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு வருஷமாக என் தலையில் அப்படி ஒன்று தோன்றியதில்லை. மத்தியான நிழல் சின்னது. ஆறடி ஆளுக்கு நாலு சாண்தான். அந்த நாலு சாணையும் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டிலும் இருக்கிற உயிர்களோடு படம் பிடித்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் ஒரு முழு ஆளின் நிழல் வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஊரே இருக்கும்.

ஆனால் நிழல் நிற்காது. ஐந்தாறு நிமிஷத்தில் நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், பன்னிரண்டு நாற்பதுக்கு, சுண்ணாம்பால் வரைந்த இரண்டு பாத அடையாளங்களில் அவன் வந்து நிற்பான். ஒரு நாள் பாதம், ஒரு நாள் முழங்கால், ஒரு நாள் இடுப்பு. எங்கே விட்டோம், எங்கே தொடர வேண்டும் என்பதற்குத் தரையில் ஓர் அடையாளக் கோடு வேண்டியிருந்தது.

"ஒரு நூல் கொடேன்," என்றேன்.

கல் வரிசைக்கு மட்டம் பார்க்கிற நீல நூலை அவன் உருளையிலிருந்து வெட்டினான். வெட்டுவதற்கு முன் ஒரு கணம் நின்றான். எதற்கு என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. குதிகாலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் அவனே நூலை விறைப்பாக இழுத்து, இரண்டு முனையிலும் ஆணி அடித்தான். "நூல் தொய்யக் கூடாது. தொய்ஞ்சா வேலையே கோணும்," என்றான். நான் மூன்று விரற்கடைக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். கட்டட வேலை நடக்கிற இடத்தில் நூல் கிடப்பது யார் கண்ணுக்கும் புதிதில்லை. பேருந்துக்கு வந்தவர்கள் தாண்டிப் போனார்கள்.

எட்டு மத்தியானங்கள். என் வாழ்க்கையில் நான் நிறைவாக இருந்த எட்டு மணி நேரத்தைக் காட்டு என்றால் அவற்றைத்தான் காட்டுவேன். குதிகாலில் எறும்புகள் லிண்டன் விதை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தன. முழங்காலில் ஒரு குழிநரிப் பூச்சி, புழுதியில் புனல் தோண்டி அடியில் காத்திருந்தது. நெஞ்சுக்கு வந்தபோது இரண்டு கற்களுக்கு நடுவே பாசி. அந்தப் பாசியில் கசகசாவைவிடச் சிறிய வெள்ளை உயிர்கள், தொட்டால் தெறித்துத் தாவுகிறவை.

"உன் நெஞ்சுல எண்பத்தி நாலு பேர்," என்று படுத்தபடியே சொன்னேன்.

"அவ்வளவு பேரா? ஒரு ஆளுக்குத்தான் இடம் ஒதுக்கி வெச்சிருந்தேன்."

"சும்மா இரு. அசையுது."

"தலையில?"

"தலையில யாரும் இல்ல. காலி."

"அம்மா சொல்றது சரிதான் அப்போ."

அம்மாவைப் பற்றிப் பேசியதாலோ என்னவோ, அடுத்த நாள், வியாழக்கிழமை, அவள் வந்தாள். ஊறுகாய் போடும் காலம் நெருங்குகிறதே என்று ஜாடி மூடிகள் வாங்கப் பெரிய ஊருக்குப் போயிருந்த ஸ்தோய்னா அத்தை பன்னிரண்டே முக்கால் பேருந்திலிருந்து இறங்கினாள். இரண்டடி வைத்தாள். நின்றுவிட்டாள்.

அவள் கண்டது: மகன் வெயிலில் சிலை மாதிரி நிற்கிறான். அவன் குதிகாலிலிருந்து நிழலின் தலை வரை ஒரு நூல் இழுத்து ஆணி அடித்திருக்கிறது. பக்கத்திலேயே கலவைத் தொட்டியும், இன்னும் மூடாத கல்சுவரும்.

பை அவள் கையிலிருந்து நழுவியது. மூடிகள் உருண்டு சாலையெங்கும் ஓடின. ஒன்று பேருந்துச் சக்கரத்தில் மோதிச் சுழன்று படுத்தது. ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார்.

"யாரு அளந்தது?"

"அம்மா, அது ஒரு படத்துக்கு..."

"உன்னைக் கேக்கல. யாரு அளந்தது?"

நான் எழுந்தேன். முழங்காலெல்லாம் மண். "நான்தான் அத்தை. போட்டோவுக்காக. அடையாளத்துக்கு."

"அடையாளத்துக்கா! எங்க தாத்தா பாலம் கட்டினவர்டி. மூணு தடவை கட்டி மூணு தடவையும் ஆறு அடிச்சிட்டுப் போச்சு. நாலாவது தடவை, வழியில போன ஒருத்தனுக்குத் தெரியாம அவன் நிழலை நூலால அளந்து, அந்த நூலைக் கல்லுக்கு நடுவுல வெச்சு மூடினாங்க. பாலம் இன்னிக்கும் நிக்குது. அவன் நாப்பது நாள் நிக்கல."

இந்தக் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கட்டி முடியாத சுவர் ஓரமாக வெயில் நேரத்தில் நடக்காதே என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். நான் கடலோர ஊரிலிருந்து பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவள். எனக்கு அது கதையாக வந்து சேர்ந்தது, கதையாகவே தங்கிவிட்டது. நான் நூல் கேட்டபோது அது என் நினைவுக்கு வரவேயில்லை.

"அவ வெளியூர்க்காரி, தெரியாது," என்று அத்தை மகன் பக்கம் திரும்பினாள். "உனக்குமாடா தெரியாது? பாலம் கட்டினவன் பேத்தியோட மகன்தானே நீ?"

"மறந்துட்டேம்மா," என்றான் யாசென். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"நூலை எடு. எரி."

அவன் ஆணிகளைப் பிடுங்கி, நூலை நான்கு விரல்களில் நிதானமாகச் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "உன் அடுப்புலயே எரிக்கிறேன். போதுமா? வா, மூடியைப் பொறுக்கலாம்."

நாங்கள் மூவரும், கூடவே பேருந்து ஓட்டுநரும், சாலையில் குனிந்து மூடிகள் பொறுக்கினோம். "இன்னிக்கு நிஜமாவே எல்லாரும் தேடுறீங்க," என்றார் ஓட்டுநர். யாரும் சிரிக்கவில்லை.

தூங்கி எழுந்து வந்த தேச்கோ மேஸ்திரியிடம் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாத்திரைய அளந்து கொடுன்னா மனுஷனை அளக்குறியே பொண்ணே," என்றார். கரண்டியை எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் போய்விட்டார். அது எனக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் வேலை. எங்கள் மண்குளவி இதற்குள் சுவரிலேயே குடியேறியிருந்தது. ஓட்டுக்குக் கீழே, இரண்டு கற்களுக்கு இடையே இருந்த இடுக்கில் மண் அறைகள் கட்டி, சின்னச் சின்னச் சிலந்திகளைக் கொட்டி மயக்கி, உயிரோடு உள்ளே அடுக்கி, முட்டை வைத்து மூடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கலவைக் கரண்டியோடு அந்த இடுக்கை நோக்கிப் போனார்.

"அதை விடுங்க மாமா."

"ஏன்? உன் சொந்தக்காரங்களா?"

"வாடகைக்கு விட்டாச்சு."

"போற நேரத்துல ஓட்டை வெச்ச சுவரா? என் பேரைக் கெடுக்குறதுக்குன்னே ஜெர்மனியில இருந்து வந்தியா?" என்று முனகினாலும் விட்டுவிட்டார்.

அன்று நான் ஏணியில் ஏறி நின்று குளவியைப் படம் பிடித்தேன். முந்நூறு படத்துக்கு மேல். யாசென் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலையில எட்டு மணி பஸ்," என்றான்.

"ம்."

"தாள் ரெடியா இருக்காம். போன உடனே கையெழுத்து கேப்பாங்க."

"ம். ஏணியை ஆட்டாதே, சிலந்தியைத் தூக்கிட்டு வருது."

"அவ்வளவுதானா?"

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கேட்டது. 'அவ்வளவுதானா' என்பதற்குள் என்ன இருந்தது என்றும் தெரிந்தது. லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தால் அழுதுவிடுவேன் என்று எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது அவன் கரண்டிகளைக் கழுவப் போயிருந்தான்.

சனிக்கிழமை காலை அவன் கட்டிய சுவருக்குக் கீழேயே நின்று பேருந்து ஏறினான். வழி நல்லபடி அமையட்டும் என்று அத்தை செம்பிலிருந்து தண்ணீரை அவன் காலடியில் ஊற்றினாள். நான் கடையைத் திறக்கிற சாக்கில் எதிர்ப்பக்கமே நின்றேன். அவன் கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். பேருந்து நடுவில் வந்து நின்றது. பிறகு நகர்ந்தது.

அதற்குப் பிறகு ஸ்தோய்னா அத்தை தினமும் மருந்துக் கடைக்கு வந்தாள். ரத்த அழுத்தம் பார்க்க என்று வருவாள். கையை நீட்டிக்கொண்டே, "இன்னிக்குப் பதினொண்ணு," என்பாள். மறுநாள், "பன்னிரண்டு." அளந்த வியாழக்கிழமையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எரிச்சுட்டான்ல?"

"எரிச்சுட்டேன்னு உங்ககிட்டதானே சொன்னான், அத்தை."

"சொன்னான். நான் அடுப்புகிட்ட இல்ல அப்போ." கைப்பட்டையை அவிழ்த்தபடி சொல்வாள்: "இப்போ ஏழாவது மாடியில சாரம் கட்டி நிக்கிறானாம். போட்டோ அனுப்பியிருக்கான். கீழ பாத்தா மனுஷங்க உன் பூச்சி மாதிரி இருக்காங்க."

எனக்கும் அவன் செய்திகள் அனுப்பினான். ஒரு தடவை சாரத்துக் குழாயில் ஊர்ந்த பொன்வண்டு. ஒரு தடவை கலவை வாளியின் நிழல். ஒரு தடவை வெறுமனே, 'இங்க வெயிலே ஒழுங்கா அடிக்க மாட்டேங்குது, நிழல் தெளிவா விழல.' நான் 'லென்ஸைத் துடைச்சுட்டு எடு' என்று பதில் அனுப்பினேன். வேறு என்னென்னவோ எழுதி அழித்தேன்.

பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நிழலைச் சேர்த்து ஒட்டுகிற வேலையில் உட்கார்ந்தேன். தலைத் துண்டு மட்டும் குறைந்தது. வியாழக்கிழமை அதை எடுக்கிற நேரத்தில்தான் அத்தை வந்திருந்தாள். கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வெள்ளிக்கிழமைப் படங்களைத் திறந்தேன். குளவி, குளவி, சிலந்தி, குளவி. இருநூற்றுச் சொச்சமாவது படத்தில் அது கடைசி அறையை மூடிவிட்டு விலகியிருந்தது. ஈர மண்ணில் அதன் தாடைத் தடங்கள் வரி வரியாக இருந்தன. அந்த மண்ணுக்குப் பின்னால், இடுக்கின் இருட்டில், ஏதோ நீலமாகத் தெரிந்தது.

பெரிதாக்கினேன். இழைகள். முறுக்கிய இழைகள். இன்னும் பெரிதாக்கினேன். ஒரு முடிச்சு. நான் போட்டது. எல்லா முடிச்சும் இடது பக்கம் சாய்வது என் கைவாகு.

அவன் எரிக்கவில்லை. தன் கையால் தன் நிழலைச் சுவரில் வைத்துவிட்டு, அந்த இடுக்கை மூட விடாமல் மாமாவைத் தடுத்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருக்கிறான். கசகசாவைவிடச் சின்னதை எண்ணுகிறவள் இதையா பார்க்காமல் விடுவாள் என்று. நான் முந்நூறு தடவை பார்த்தேன். குளவியை மட்டும் பார்த்தேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. ஆனால் ராத்திரி படுத்தால் ஏழாவது மாடி வந்தது. செவ்வாய்க்கிழமை அத்தை, "இருபது," என்று கையை நீட்டினாள். அழுத்தம் நூற்றெண்பதைத் தொட்டது. இரண்டாவது தடவை பார்த்தேன், குறையவில்லை.

"நீ எதையோ மறைக்கிற," என்றாள். "பட்டையை அவிழ்க்க மறந்து நிக்குற. அழுத்தம் எனக்கா, உனக்கா?"

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, திரையை விரலால் துடைத்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து போனாள். பத்து நிமிஷத்தில் தம்பியோடு திரும்பி வந்தாள். தேச்கோ மேஸ்திரியின் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. கையில்லாத பனியனோடு, பாதித் தூக்கத்தில் வந்திருந்தார்.

கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். பன்னிரண்டே முக்கால் பேருந்து அப்போதுதான் போயிருந்தது. நிறுத்தத்தில் எங்கள் மூவரைத் தவிர ஆளில்லை.

மேஸ்திரி ஏணியில் ஏறி இடுக்கைப் பார்த்தார். "உள்ள தள்ளித்தான் வெச்சிருக்கான் பய. எடுக்கணும்னா ரெண்டு கல்லைத் தட்டணும். மண்ணு எல்லாம் உதிரும்."

"உள்ள எட்டு அறை இருக்கு," என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. "எட்டுலயும் குஞ்சு இருக்கு. அடுத்த கோடைக்குத்தான் வெளிய வரும்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "உன் குளவிக்குப் புள்ள இருக்கு. எனக்கு இல்லையா?"

நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"தட்டுடா தேச்கோ."

அவர் உளியைக் கல்லின் இணைப்பில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. வழியில போறவனுக்குத் தெரியாம அளந்து வெச்சா அது வேற. இவன் தானே வெச்சிருக்கான். வெச்சவன் வாயால எடுன்னு சொல்லாம எடுத்தா எடுத்ததா ஆகாது. பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"எந்தப் பெரியவங்க?"

"எல்லாப் பெரியவங்களும்தான். புதுச் சுவரு, எனக்கும் உடைக்க மனசு வரல, போதுமா?"

அத்தை சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என்னிடம், "போன் போடு," என்றாள்.

"நானா?"

"நான் கேட்டா எரிச்சுட்டேம்மான்னு மறுபடியும் பொய் சொல்லுவான். உன்கிட்ட சொல்ல மாட்டான். எடுக்கவா வேண்டாமான்னு கேளு. அதை மட்டும் கேளு."

மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் அரைத்துக்கொண்டிருந்தது.

"என்ன பூச்சி டாக்டரே, இந்த நேரத்துல? தரையில படுத்திருக்கணுமே நீ?"

"எங்க இருக்க?"

"கீழதான். சாப்பாட்டு நேரம். இங்க தக்காளின்னு ஒண்ணு விக்கிறாங்க, தண்ணியைச் சிவப்புத் தோல்ல கட்டின மாதிரி. குளவி எப்படி இருக்கு?"

"போயிடுச்சு. மூடிட்டுப் போயிடுச்சு."

"ம்."

"பாத்துட்டேன், யாசென்."

இயந்திரச் சத்தம் கொஞ்சம் விலகியது. நடந்து தள்ளிப் போகிறான் என்று தெரிந்தது.

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமையா? நான் ஏணியைப் பிடிச்சு நின்னப்பவே கத்துவன்னு நினைச்சேன். உன் கண்ணு மேல அவ்வளவு நம்பிக்கை எனக்கு."

"தெரிஞ்சேதான் நூலை வெட்டிக் கொடுத்தியா?"

"பாலம் கட்டினவன் பேத்தியோட மகன்டி நான்."

"அப்புறம் ஏன்?"

"நீ வேற ஒண்ணும் கேக்கலையே. நிழலைத்தானே கேட்ட."

பக்கத்தில் அத்தை என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "கேளு. எடுக்கவான்னு கேளு." ஏணியிலிருந்து மேஸ்திரி, "சீக்கிரம் கேளு பொண்ணே, கை வலிக்குது," என்றார்.

"யாரு அது? அம்மாவா? மாமா எதுல ஏறி நிக்கிறாரு?"

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. பேனா இல்லன்னேன் ஒரு நாள், பேரு தப்பா இருக்குன்னேன் ஒரு நாள். இன்னிக்கு மத்தியானம் கடைசின்னு சொல்லிட்டாங்க. இதோ கூப்பிடுறாங்க பாரு." தூரத்தில் யாரோ அவன் பெயரை அவர்கள் பாணியில் அழுத்தி அழைத்தார்கள். "சொல்லு, எதுக்குக் கூப்பிட்ட? அம்மா என்ன கேக்கச் சொன்னா?"

வெயில் தலைக்கு மேல் நின்றது. அத்தையின் கை என் முழங்கையில் இறுகியது. தரையில் எங்கள் நிழல்கள் நாலு நாலு சாணாகக் கிடந்தன. படம் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அம்மா கேக்கச் சொன்னது வேற," என்றேன். "நான் கேக்குறேன். வந்துடு, யாசென். இங்கயே என்கூட இருந்துடேன்."